"ரன் அவுட் ஆஃப்" – ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் எப்படி மாற்றுவது?

பனங்கிழங்கு:
ஆங்கிலத்திலிருந்து ஜெர்மனுக்கும் பிரெஞ்சுக்கும் மாற்றிப் பழகுகிறேன். ஃப்ரேஸல் வெர்ப் (வினையோடு அவுட், அப் மாதிரி சிறு சொல் சேர்ந்து வேறு அர்த்தம் தருவது) வந்தாலே கை நின்றுவிடுகிறது. மூன்று வாக்கியங்கள்:

1. வீ ஹாவ் ரன் அவுட் ஆஃப் மில்க்.
2. ஹீ ஸ்வாம் அக்ராஸ் த ரிவர்.
3. ஐ ஹாட் டு புட் அப் வித் இட். (பொறுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.)

முதலாவதை "விர் ஸிண்ட் அவுஸ் மில்ஷ் கெலாஃபென்" என்று எழுதினால் தப்பு என்று தெரிகிறது. சரியானது எது, அதைக் கண்டுபிடிக்க வழி என்ன?

முன்னொட்டு:
நீங்கள் எழுதியது "பாலுக்குள்ளிருந்து ஓடி வந்தோம்" என்று ஆகிறது. முதலில் ஆங்கில வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: "எங்களுக்குப் பால் தீர்ந்துபோச்சு." எழுவாய் பால், ஆட்களுக்கு நான்காம் வேற்றுமை. ஜெர்மனும் அச்சு அசல் இதேதான்: "உன்ஸ் இஸ்ட் டீ மில்ஷ் அவுஸ்கெகாங்கென்." இதில் "உன்ஸ்" என்பது டேட்டிவ், அதாவது நம் "எங்களுக்கு". வினை அவுஸ்கேயென். பேச்சில் "டீ மில்ஷ் இஸ்ட் அல்லே" போதும். பிரெஞ்சில் இதற்கென்று தனி வினை தேடி அலைய வேண்டாம்: "இல் ந்யா ப்லூ தெ லே", இனிப் பால் இல்லை, அவ்வளவுதான்.

மூன்றாவதற்கு ஒற்றை விடை கிடையாது. வேறு வழியில்லாமல் மனதைத் தேற்றிக்கொண்டால் ஸிஷ் அப்ஃபிண்டென் மிட். ஒரு லாபத்துக்காக ஒரு தொல்லையை ஏற்றுக்கொண்டால் இன் கவுஃப் நேமென். பல்லைக் கடித்துத் தாங்கினால் அவுஸ்ஹால்டென். பிரெஞ்சில் பெரும்பாலும் ஸுப்போர்தே. அதை ஆங்கில "சப்போர்ட்" என்று நினைத்து "ஆதரித்தேன்" என்று படித்துவிடாதீர்கள்.

செவ்வந்தி:
இரண்டாவதில்தான் பிரெஞ்சு நம் பக்கம் வருகிறது. ஆங்கிலம் நீந்துவதை வினையாக வைத்து, கடப்பதை "அக்ராஸ்" என்ற வாலில் தொங்கவிடுகிறது. பிரெஞ்சில் கடப்பதுதான் வினை, நீந்துவது ஒட்டு: "இல் அ த்ராவெர்ஸே லா ரிவியேர் ஆ லா நாஜ்." தமிழில் "நீந்திக் கடந்தான்" என்கிறோமே, அதே கட்டு. பிரெஞ்சு மொழிபெயர்ப்புப் பாடங்களில் இந்த இடமாற்றத்துக்கு ஷாஸே-க்ருவாஸே என்று பெயர். ஸ்பானிஷும் இப்படித்தான். ஜெர்மன் ஆங்கிலத்தோடு நிற்கும்: "எர் இஸ்ட் டுர்ஷ் டென் ஃப்லுஸ் கெஷ்வொம்மென்."

கண்ணை மூடிக்கொண்டு எல்லா இடத்திலும் மாற்றிவிடாதீர்கள். எல்லையைத் தாண்டும்போதுதான் இந்த மாற்றம் தேவை. "ஸ்டேஷன் வரைக்கும் ஓடினான்" என்றால் பிரெஞ்சிலும் "இல் அ கூரு ஜுஸ்கா லா கார்", ஓடுவதே வினை.

நடுச்சாமம்:
ஜெர்மன் ஆங்கிலத்துக்குப் பக்கத்து வீடு என்று நம்பி ஏமாறுபவர்கள் அதிகம். கிவ் அப் = அவுஃப்கேபென், பொருந்துகிறது. ஆனால் "இஷ் ஹாபெ டென் கொஃபர் அவுஃப்கெகேபென்" என்றால் பெட்டியைக் கைவிட்டதாக அர்த்தமில்லை; விமான நிலையத்தில் பெட்டியை லக்கேஜில் போட்டாச்சு என்று அர்த்தம். பார்சல் அனுப்புவது, விளம்பரம் கொடுப்பது, இரண்டுக்கும் இதே வினைதான்.

இன்னும் விபரீதம் உம்ஃபாரென். அழுத்தம் "உம்"மில் விழுந்தால் வினை பிரியும்: "எர் ஃபேர்ட் டாஸ் ஷில்ட் உம்", பலகையை மோதிச் சாய்க்கிறான். அழுத்தம் "ஃபா"வில் விழுந்தால் பிரியாது: "எர் உம்ஃபேர்ட் டாஸ் ஷில்ட்", பலகையைச் சுற்றிக்கொண்டு போகிறான். இறந்தகாலத்தில் முதலாவது உம்கெஃபாரென், இரண்டாவது வெறும் உம்ஃபாரென். ஒரு "கெ"தான் வித்தியாசம், பலகையின் தலையெழுத்தே மாறிவிடும்.

அகராதி பார்க்கும்போது வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். அங்கே "அவுஃப்", "அவுஸ்", "உம்" மாதிரி ஏதாவது தனியாக நின்றால் வினையின் முன்னால் ஒட்டித் தேடுங்கள். "கேபென்" என்று மட்டும் தேடினால் வேறு ஊருக்குப் போய்விடுவீர்கள்.

பனங்கிழங்கு:
நன்றி. மரபுத்தொடர்களுக்கும் இதே வழிதானா? "கிக் த பக்கெட்" (சொல்லுக்குச் சொல் வாளியை உதைப்பது, அர்த்தம் செத்துப்போவது)?

செவ்வந்தி:
அங்கே அர்த்தத்தோடு மரியாதையின் அளவையும் பார்க்க வேண்டும். ஜெர்மனில் கரண்டியைத் திருப்பிக் கொடுப்பார்கள், "டென் லொஃபெல் அப்கேபென்". பிரெஞ்சில் புகைக்குழாயை உடைப்பார்கள், "காஸே ஸா பீப்". ஸ்பானிஷில் காலை நீட்டுவார்கள், "எஸ்திரார் லா பாத்தா". எல்லாமே நம் "மண்டையைப் போட்டான்" ரகம். ஆங்கிலத்தில் கிண்டலாக இருந்தால்தான் இவை. சாவு வீட்டுச் செய்திக்கு ஜெர்மனில் ஃபெர்ஷ்டார்ப், பிரெஞ்சில் எ தெஸேதே.

ஆங்கில ஆசிரியர் பக்கெட்டை வைத்து அடுத்த வரியில் ஒரு ஜோக் அடித்திருந்தால், ஜெர்மனில் அந்த ஜோக்கைக் கரண்டியை வைத்துப் புதிதாகக் கட்டுங்கள். வாளியை இழுத்துக்கொண்டு வராதீர்கள்.

பனங்கிழங்கு:
கடைசியாக ஒன்று. ஈட் அப், ட்ரிங்க் அப், யூஸ் அப் – மூன்றுக்கும் ஜெர்மனில் "அவுஃப்" போடலாமா?

முன்னொட்டு:
சாப்பிடுவதற்குச் சரி: அவுஃப்எஸ்ஸென். குடிப்பதற்கு அவுஸ்ட்ரிங்கென். யூஸ் அப்புக்கு அவுஃப்ப்ராவ்ஹென், ஃபெர்ப்ராவ்ஹென் இரண்டும் உண்டு. இருப்பு மொத்தமாகக் காலி என்றால் முதலாவது. பிரெஞ்சில் குழந்தையிடம் "ஃபினீ தோன் அஸ்யெத்", தட்டை முடி. நாம் "சாப்பிட்டு முடி" என்பது போல.