புதுப்பிப்பு: சூடேறிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்

செல்லூர் வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டதும் வயர் சூடாகி நாற்றம் வந்ததை எழுதியிருந்தேன். நேற்று எலக்ட்ரீசியன் அண்ணன் வந்து பார்த்தார்.

பாக்ஸைக் கழற்றினால் உள்ளே பிளாஸ்டிக் உருகிக் கருகியிருந்தது. பயந்துவிட்டேன். அடுப்பு 2000 வாட். 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். பாக்ஸோ 6 ஆம்பியருக்கானது. போதாததற்கு, மிச்ச வயரை நான் சுருட்டிக் கட்டியே வைத்திருந்தேன். சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும் என்றார். அதனால் சிறிய லோடுக்குக்கூட முழுசாகப் பிரித்துவிட்டுத்தான் போட வேண்டுமாம்.

சரி, அடுப்புக்குச் சுவரிலேயே தனியாக 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் போட்டாயிற்று. பழைய பாக்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டோம்.

அப்புறம், பயன்படுத்தாதபோது வயரை எப்படிச் சுருட்டி வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். முழங்கையில் இறுக்கிச் சுற்றினால் வயர் முறுக்கிக்கொண்டு உள்ளே செம்புக் கம்பிகள் அறுந்துபோகும். தளர்வான வளையமாகச் சுற்றி, ஈரம் படாத இடத்தில் மாட்டுங்கள். அம்மா புதிய வயரைப் பின்கட்டுத் தண்ணீர்த் தொட்டி அருகே மாட்டியிருந்தார்கள், உடனே மாற்றிவிட்டேன்.