புற்றுநோய் முற்றியவர்கள் வீட்டில் இறப்பது: பாசமா, மாத்திரையா?

மதுரைக்காரி:
பக்கத்துத் திரியில் ஒருவர், "பிள்ளைகளுக்குப் பாசம் செத்துப்போச்சு, அதனால்தான் கேன்சர் முற்றியவர்களை ஆஸ்பத்திரியிலேயே சாக விடுகிறார்கள்" என்று எழுதியிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் அப்பாவுக்கு எலும்புவரை பரவியிருந்தது, வீட்டில்தான் போனார், அதற்கு ஒரே காரணம் கடும் வலியைத் தணிக்கும் 'மார்பின்' (morphine) மாத்திரை. நாலு மணி நேரத்துக்கு ஒன்று, ராத்திரி படுக்கும்போது மட்டும் இரண்டு, மலச்சிக்கலுக்குத் தனி மருந்து என்று வீட்டுக்கு வந்த நர்ஸ் காலண்டர் அட்டையின் பின்னால் எழுதி, கட்டில் தலைமாட்டில் மாட்டினார். மாத்திரை இல்லாத வீட்டில் வலியில் கத்துகிறவரைப் பாசத்தை வைத்து என்ன செய்வீர்கள்?

தஞ்சை மைந்தன்:
எழுதியது நான்தான். மாத்திரையை வாயில் போடவாவது ஒரு ஆள் வேண்டாமா? எங்கள் தெருவில் மூன்று பிள்ளை பெற்ற அம்மா ஐசியூவில்தான் போனார்கள், பிள்ளைகள் கண்ணாடிக்கு வெளியே போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம், மார்பின் போதை மருந்து. வீட்டில் வைத்தால் போலீஸ் வரும்.

மதுரைக்காரி:
எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள்? 1985 போதைப்பொருள் சட்டத்தை 2014இல் திருத்தி மார்பினை 'அத்தியாவசிய போதை மருந்துகள்' என்ற பிரிவில் சேர்த்தாயிற்று. அங்கீகாரம் பெற்ற இடத்தில் டாக்டர் சீட்டோடு வாங்கினால் எந்தப் போலீஸும் வராது. இந்தப் பயத்தைக் கிளப்பித்தான் ஜனங்களை வலியில் துடிக்க விடுகிறீர்கள்.

சைதை வாடகைவாசி:
வாடகை வீட்டுக்காரர்களை யாராவது நினைத்தீர்களா? "இங்கே உயிர் போகக்கூடாது" என்று ஹவுஸ் ஓனர் முகத்துக்கு நேராகச் சொன்னார். பெரியம்மாவைத் திரும்ப வார்டில் சேர்த்தோம்.

தஞ்சை மைந்தன்:
சொந்த ஊருக்குக் கொண்டுபோயிருக்கலாமே?

சைதை வாடகைவாசி:
ஊரில் வீடு இருந்தால் நான் ஏன் சைதாப்பேட்டையில் இருக்கிறேன்? போன மாதம் சீட்டுக் கம்பெனித் திரியிலும் இப்படித்தான் விவரம் கேட்காமல் புத்தி சொன்னீர்கள்.

கணக்குப்பிள்ளை:
முதலில் எதை வீட்டுச் சாவு என்கிறீர்கள்? மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும்போது ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்துவிட்டு ஆக்சிஜனோடு ஆம்புலன்ஸில் வீட்டுக்குக் கொண்டுவருகிறோமே, அது எந்தக் கணக்கு? 2006இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 13 நாடுகளின் 58 ஆய்வுகளைச் சேர்த்து, கேன்சர் முற்றியவர்கள் வீட்டில் இறப்பதற்கு எதெல்லாம் காரணம் என்று பார்த்தார்கள். நோயாளியின் விருப்பம், உடல் எவ்வளவு முடங்கியிருக்கிறது, வீடு தேடி வரும் கவனிப்பு, கூட இருக்கும் சொந்தம் எல்லாமே பெரிய காரணங்களாக வந்தன.

தஞ்சை மைந்தன்:
கூட இருக்கும் சொந்தம்! நான் சொன்னதேதான்.

மதுரைக்காரி:
வீடு தேடி வரும் கவனிப்பு என்ற பாதி மட்டும் கண்ணில் படவில்லையா? அந்தக் கவனிப்பு கையில் எதைக் கொண்டுவரும்? மார்பின். கோழிக்கோட்டில் வலி தணிப்புச் சிகிச்சையை 1993லேயே ஆரம்பித்தார்கள், 2008இல் கேரள அரசு இதற்கென்று கொள்கையே வகுத்தது. அங்கே மட்டும் பிள்ளைகளுக்குப் பாசம் ஊற்றெடுக்கிறதா?

தஞ்சை மைந்தன்:
வந்துவிட்டது கேரளப் பாட்டு. இங்கே 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள், அதைச் சொல்ல வாய் வராது உங்களுக்கு.

மதுரைக்காரி:
வருகிறார்கள், நல்ல விஷயம். உங்கள் ஊரில் வருகிறவர்களிடம் மார்பின் இருக்கிறதா?

தஞ்சை மைந்தன்:
பேச்சு பாசத்தைப் பற்றி.

கணக்குப்பிள்ளை:
ஆம்புலன்ஸ் கேள்வி அப்படியே கிடக்கிறது.

மதுரைக்காரி:
அது அப்புறம். தஞ்சைக்காரரே, மாத்திரை இருக்கிறதா இல்லையா? கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள்.