சுங்கை சிப்புட் பக்கம் வீடியோ வழி சிகிச்சை தரும் டாக்டர் யாராவது உண்டா?

தம்பிக்கு 34 வயது. மலேசியாவில், சுங்கை சிப்புட் அருகே செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறான். ஹெராயினை விட்டு, தீபாவளிக்குப் பிறகு அரசு கிளினிக்கில் அதற்கு மாற்று மருந்தான மெத்தடோன் குடித்துவருகிறான். தினமும் 60 மில்லிகிராம், தாதியின் கண்முன்னே குடிக்க வேண்டும்.

சிக்கல் நேரம்தான். விடியும் முன்பே பெரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு). மருந்து தருவதோ காலையில் மட்டும். சீனப் பெருநாளுக்குப் பிறகு வேறு பிரிவுக்கு மாற்றியதிலிருந்து அடிக்கடி மருந்து தவறுகிறது. தவறிய மறுநாளே கொட்டாவி, மூக்கொழுகல், கால் இழுப்பு, வயிற்றுப்போக்கு, இரவெல்லாம் தூக்கமின்மை. தொடர்ந்து மூன்று நாள் விட்டால் அளவைக் குறைத்துத் திரும்ப ஏற்ற வேண்டும் என்கிறார்கள். அவனோ பழைய கூட்டாளிகள் கூப்பிடும் தூரத்தில் இருக்கிறான்.

வீட்டுக்கு மருந்து கேட்டோம்; சிறுநீர்ப் பரிசோதனைகள் இன்னும் சில மாதம் சுத்தமாக வரவேண்டுமாம். நியாயம்தான், ஆனால் அதுவரை? வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் நேரம் கேட்டதில் ஒரு நாள் சம்பளம் போனது. கைப்பேசிச் செயலி வழி பேசிய டாக்டர் பொறுமையாகக் கேட்டார். நேரில் பார்க்காமல் கட்டுப்பாட்டு மருந்து எழுத மாட்டேன் என்றார். அமெரிக்காவில் 2020 முதல், இதே பழக்கத்துக்குத் தரும் இன்னொரு மருந்தான புப்ரெனார்பினைத் தொலைபேசியிலோ வீடியோவிலோ பேசியே தொடங்க முடிகிறது. இங்கே முதல் முறை நேரில் போக நாங்கள் தயார். தோட்டத்து லைன் வீட்டில் இணையம் மந்தம். கடைத்தெருவில் வீடியோ நன்றாக வருகிறது.

முதல் சந்திப்புக்குப் பின் வாராவாரம் வீடியோவில் பார்த்து, புப்ரெனார்பின்-நலோக்சோன் மாத்திரை தரும் டாக்டர் ஈப்போ, கோலகங்சார் வட்டாரத்தில் யாராவது இருக்கிறாரா?