தலைவெளியா, மணவெளியா? கிளாஸின் மேல்பாதிக்கு ஒரு சொல்

வணக்கம். கிளாஸில் ஊற்றிய பானத்துக்கு மேலே காலியாக இருக்கும் இடத்தை ஆங்கிலத்தில் 'headspace' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் மடலாடலில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> 'தலைவெளி' என்றே வைத்துக்கொள்ளலாம். மூலச்சொல்லுக்கு நேராக இருக்கிறது, சுருக்கமாகவும் இருக்கிறது.

மூலத்துக்கு நேராக இருப்பதுதான் எனக்கு இடிக்கிறது. தமிழில் பாத்திரத்துக்கு அடி உண்டு, வயிறு உண்டு, கழுத்து உண்டு, வாய் உண்டு. தலை கிடையாது. தக்கலையில் என் அம்மாவிடம் 'செம்பின் தலைவெளி' என்றால் எதைச் சொல்கிறேன் என்றே புரியாது.

நாம் பெயர் தேடுவது எதற்கு என்பதை முதலில் பார்ப்போம். ஊற்றிய பானத்துக்கு மேலே, விளிம்புக்குக் கீழே ஓர் இடம் இருக்கிறது. பார்த்தால் வெறும் காற்று. ஆனால் பானத்திலிருந்து எழும் மணம் அங்கேதான் தங்கும், மூக்கு அங்கிருந்துதான் எடுத்துக்கொள்ளும். கிளாஸின் வடிவம் மாறினால் சுவை மாறுவதாக நாம் உணர்வதில் பெரும்பங்கு இந்த இடத்துக்கு உரியது.

முந்தைய மடலில் ஒருவர், கிளாஸின் விளிம்பு பானத்தை நாக்கின் இன்ன பகுதியில் கொண்டு விழவைப்பதால்தான் சுவை மாறுகிறது என்று எழுதியிருந்தார். ஒயின் கிளாஸ் விற்பவர்களும் நெடுநாள் சொல்லிவந்த விளக்கம் அது. நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, அடியில் கசப்பு என்று பள்ளியில் நாமும் படம் வரைந்திருக்கிறோம். அந்தப் படம் தவறு. ஜெர்மனியில் டேவிட் ஹேனிக் என்ற ஆய்வாளர் 1901இல் கண்டு எழுதியவை சிறிய வேறுபாடுகள்தான். பின்னால் வந்தவர்கள் அவற்றை எல்லைக்கோடு போட்ட வரைபடமாக்கிவிட்டார்கள். சுவை மொட்டு உள்ள இடமெல்லாம் எல்லாச் சுவையும் தெரியும். அதனால் நம் சொல்லில் 'நாக்கு' வரக்கூடாது, 'சுவை'யும் வரவேண்டாம் என்பது என் கருத்து. வேலை நடப்பது மணத்தில்.

டோக்கியோ மருத்துவ, பல் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் மிட்சுபயாஷி குழுவினர் இதைப் படமாகவே பிடித்து 2015இல் வெளியிட்டார்கள். ஒயினிலிருந்து எழும் ஆல்கஹால் ஆவியைக் காட்டும் கேமரா அது. 13 டிகிரி செல்சியஸில் ஒயின் கிளாஸின் வாயில் அந்த ஆவி விளிம்பை ஒட்டி வளையமாக நின்றது, நடுவில் குறைவாக இருந்தது. அதாவது நடுவில் மூக்கை வைத்தால் ஆல்கஹாலின் காரம் அவ்வளவாக ஏறாமல் ஒயினின் மணம் கிடைக்கும். நேரான கிளாஸிலும் வாய் விரிந்த மார்ட்டினி கிளாஸிலும் அந்த வளையம் வரவில்லை. ஒரே ஒயின், ஒரே சூடு. மாறியது வடிவம் மட்டும்.

இன்னொரு கணக்கு. ஒயினைச் சுவைத்து மதிப்பிட 1977இல் வகுத்த ஐஎஸ்ஓ 3591 என்ற பன்னாட்டுத் தரப்படியான கிளாஸின் வயிறு 65 மி.மீ., வாய் 46 மி.மீ. கொள்ளளவு சுமார் 215 மி.லி., ஊற்றுவது 50 மி.லி. மீதி 165 மி.லி. காலியாகக் கிடக்கிறது. பானத்தைப் போல மூன்று பங்கு இடத்தை விட்டுவைத்திருக்கிறார்கள் என்றால் அதற்குச் சொந்தமாக ஒரு பெயர் வேண்டாமா?

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சுக்கு தட்டிப்போட்டுக் கருப்பட்டிக் காப்பி. ஒரே சட்டியிலிருந்து வாய் சிறுத்த செம்பில் பாதியும், வாய் விரிந்த எவர்சில்வர் டம்ளரில் முட்டவும் ஊற்றி அம்மாவிடம் கொடுத்தேன். செம்பை முகத்தருகே கொண்டுபோனதும் "சுக்கு நல்லா ஏறியிருக்கு" என்றார். டம்ளரை எடுத்துவிட்டு, "இது வேற காப்பியா?" என்றார். ஒன்றுதான் என்று சொன்னதும் இரண்டையும் மாற்றி மாற்றி முகர்ந்து பார்த்தார். "முட்ட ஊத்துனா எப்பிடி மக்ளே? வாசம் நிக்க எடம் வேணும்லா."

வாசம் நிற்க இடம். நாம் இரண்டு வாரமாகத் தேடும் வரையறை இதுதான். அதனால் நான் முன்வைப்பது மணவெளி.

> 'வெளி' என்றால் வெளியே என்று பொருள்படாதா? 'மணவறை' நன்றாக இருக்குமே.

புல்வெளி, வயல்வெளி, வெட்டவெளி எதிலும் 'வெளியே' என்ற பொருள் இல்லை; இடம் என்பதே பொருள். மணவறை என்றால் கல்யாணப் பந்தல்தான் கண்ணில் வரும், அதை விட்டுவிடலாம். ஊறுகாய்ப் பாட்டிலிலும் டின்னிலும் மூடிக்குக் கீழே விடும் இடத்துக்கு மணவெளி பொருந்தாது என்ற மதுரை நண்பரின் தடை சரியானது. அங்கே மணம் பேச்சே இல்லை. அதற்கு 'மேல்வெளி' இருக்கட்டும். மூலமொழி ஒரே சொல்லால் சொல்கிறது என்பதற்காக நாமும் ஒன்றிலேயே அடக்கவேண்டியதில்லை.

வடிவங்களுக்கு 'டியூலிப் கிளாஸ்' போன்ற பூப்பெயர்கள் வேண்டாம். நம் குளத்தில் இல்லாத பூ அது. 'குவளை' என்ற நம் பூப்பெயரே பாத்திரத்துக்கும் ஆகியிருப்பது அழகுதான், ஆனால் குவளை என்றால் பலர் மனதில் அகன்ற வாய். எனவே வாயை வைத்தே சொல்வோம்: குவிவாய், நேர்வாய், விரிவாய். 'குவிவாய்க் கிளாஸ் மணவெளியைக் காக்கும், விரிவாயில் மணம் கலைந்துவிடும்.' சொல்லிப் பாருங்கள், நாக்கு இடறவில்லை.

பனையோலையை மடித்த பட்டையில் அக்கானி (பதநீர்) குடித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். பட்டைக்கு வாய் பெரிது, விளிம்பே ஒழுங்காக இருக்காது. ஆனாலும் பச்சை ஓலை மணமும் அக்கானி மணமும் சேர்ந்து மூக்கை நிறைக்கும். குனிந்து குடிக்கும்போது நம் முகமே அந்த வாயை மூடிவிடுகிறது. மணவெளி என்பது பாத்திரத்தோடு முடிவதில்லை, குடிக்கும் விதமும் அதில் சேர்த்தி. வரையறையில் இதற்கு ஒரு வரி எழுதவேண்டும்.

அப்புறம், அதே காப்பியை அண்ணாந்து ஊற்றிக் குடித்தும் பார்த்தேன். வாயில் விழும்போது சூடும் இனிப்பும் மட்டும். விழுங்கிய பிறகுதான் தொண்டைப் பக்கமிருந்து சுக்கு மூக்குக்கு ஏறியது. இதற்கு 'பின்மூக்கு நுகர்ச்சி' என்று நம் சொற்பட்டியலில் இருக்கிறது, யாரும் சொல்லிப் பழகமாட்டார்கள். முகரும்போது வருவது 'மேல்மணம்', விழுங்கும்போது எழுவது 'உள்மணம்' என்று வைத்தால் எப்படி இருக்கும்? மறுப்பு இருந்தால் வாக்கியத்தில் வைத்துக் காட்டி எழுதுங்கள்.