தொக்கேப் பல்லியைப் பிடித்து விற்கலாமா?

பால்மரத்தான்: மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்தில் பழைய பால்மரங்களை (ரப்பர் மரங்களை) வெட்டிவிட்டுச் செம்பனை நடப்போகிறார்கள். மரப்பொந்துகளில் தொக்கே என்னும் பெரிய பல்லிகள் இருக்கின்றன. மரம் விழும்போது எப்படியும் சாகும். முன்பே பிடித்து விற்றால் வேலை இழக்கும் குடும்பங்களுக்கு நாலு காசு கிடைக்கும். இதில் என்ன தவறு?

மரகதம்: அண்ணா, எல்லாம் சாகும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அது கூரை இடுக்கிலும் சுவரிலும் வாழப் பழகிய பல்லி. உரிமம் இல்லாமல் பிடிப்பது 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) அதிகாரிகள் வந்தால் மாட்டப்போவது வாங்கும் முதலாளி அல்ல; சாக்கோடு நிற்கும் நம் பையன்.

பால்மரத்தான்: நாங்கள் குடியிருந்த லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகளை) இடித்தபோது எந்தச் சட்டம் எங்களுக்காக வந்தது? பல்லிக்கு மட்டும் பாதுகாப்பா? அது அழியும் இனமும் இல்லை. இந்தியா முதல் இந்தோனேசியா வரை இருக்கிறது.

மரகதம்: லயம் இடிந்த வேதனை எனக்கும் உண்டு. அதற்குப் பல்லி என்ன செய்யும்? எய்ட்ஸ் நோயைக் குணமாக்கும் என்ற வதந்தியால்தான் அன்று அதன் விலை ஏறியது. ஆதாரமே இல்லை என்று 2011-இல் பிலிப்பைன்ஸ் சுகாதாரத் துறை எச்சரித்தது. எடை கூடினால் ஆயிரக்கணக்கில் வெள்ளி (ரிங்கிட்) கிடைக்கும் என்றார்கள். எங்கள் ஊரில் பிடித்துக்கொண்டு போனவர்களிடம் எடை போதாது என்று கைவிரித்தார்கள். கூண்டிலேயே பட்டினி கிடந்து செத்தவைதான் மிச்சம். பரவலாக இருப்பதாலேயே கணக்கில்லாமல் பிடித்து, உலர்த்தி, மருந்துக்கென்று ஏற்றுமதி செய்தார்கள். அதனால்தான் 2019-இல் சைட்டிஸ் என்னும் உலக வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில், அதாவது ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் பட்டியலில், சேர்த்தார்கள்.

பழைய மண்டோர்: தம்பி, பொந்துக்குள் விளக்கடித்துப் பார்த்திருக்கிறாயா? வெள்ளை முட்டை, பெரும்பாலும் இரண்டே இரண்டு, மரத்தோடு பசைபோட்டதுபோல் ஒட்டியிருக்கும். பெயர்த்தால் உடைந்துவிடும். பக்கத்திலேயே தாயோ தகப்பனோ வாயைப் பிளந்து காவல் நிற்கும். கடித்தால் சுலபத்தில் விடாது. பெரியதைப் பிடித்துக்கொண்டு போனால் முட்டையை யார் காப்பது? வெட்டுவதைத் தடுக்க நம்மால் முடியாது. கோயில் ஆலமரத்தையும் ஆற்றோரத்துப் பால்மரங்களையும் விட்டுவைக்கச் சொல்லி நிர்வாகத்துக்கு எழுதுவோம்.

பால்மரத்தான்: ஐயா, முட்டை விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் வயிற்றுப்பாட்டை மறந்து என்னால் பேச முடியாது. கடிதம் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வீடு இழந்தவர்களுக்கு மாற்று வீடு வேண்டும் என்பதையும் அதே கடிதத்தில் எழுத வேண்டும்.

மரகதம்: முதல் பத்தியிலேயே எழுதுகிறேன், அண்ணா. பெயர்ப் பட்டியலை இன்றே புலனத்தில் அனுப்புங்கள்.