மண்டபம் ஊரில் காற்றின் கார்பன் டை ஆக்சைடு தினமும் 400-ல் தரைதட்டுகிறதே, ஏன்?

மண்டபம் வாத்தியார்:
பள்ளி மொட்டைமாடியில் எம்ஹெச்-இசட்19 சென்சார் வைத்து மாணவர்களோடு அளவு எடுக்கிறோம். விடியற்காலையில் 480 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 480 பங்கு) வரை ஏறுகிறது. மத்தியானம் கடல்காற்று அடித்ததும் சொல்லிவைத்த மாதிரி 400-ல் வந்து நிற்கிறது. ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலையில் 1958 முதல் எடுப்பதுபோல நம் கரையிலும் நீண்டகாலப் பதிவு வைக்க ஆசை. இந்த சென்சாரை நம்பலாமா?

சால்டரிங் சரவெடி:
சார், அந்த 400-ஐ சென்சார் தானாகவே போட்டுக்கொள்கிறது. தினமும் கிடைத்ததில் குறைந்த அளவை 400 என்று எடுத்துக்கொள்ளும். அறைக்குள் வைப்பதற்காகச் செய்த ஏற்பாடு. வெளிக்காற்றின் உலகச் சராசரியே 420-ஐத் தாண்டிவிட்டது. 79 (ஹெக்ஸ் எண்) கட்டளையோடு பூஜ்யம் அனுப்பினால் அந்த ஏற்பாடு அணையும்.

பழைய அனலைசர்காரன்:
அணைத்தால் மட்டும் போதாது வாத்தியாரே. அப்புறம் அளவு மெல்ல நகர ஆரம்பிக்கும், எந்தப் பக்கம் என்றே தெரியாது. இந்த வகை சென்சாரில் 50 பிபிஎம் பிழை சாதாரணம். காற்றில் ஆண்டுக்கு ஏறுவதோ 2.5 பிபிஎம் அளவுதான். 20 வருட ஏற்றம் அந்தப் பிழைக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும்!

கருவியைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள், அளவு சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வாயு சிலிண்டரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மௌனா லோவா பதிவைத் தொடங்கிய விஞ்ஞானி கீலிங், அங்கே போகும் முன்பே பாதரச மானோமீட்டர் (வாயு அழுத்தம் அளக்கும் கருவி) கட்டி, ஒப்பிடுவதற்கான வாயுக்களை அளந்து வைத்திருந்தார். இன்று அமெரிக்காவின் போல்டரில் உள்ள நோவா (கடல், வளிமண்டல அரசு நிறுவனம்) ஆய்வகம் உலக அளவுகோலைக் காக்கிறது. அங்கிருந்து படிப்படியாக ஒப்பிட்டு வந்த சிலிண்டர்தான் பேசும். நைட்ரஜனில் கலந்தது வேண்டாம், உலர்ந்த இயற்கைக் காற்றில் நிரப்பியதாகக் கேளுங்கள். சிலிண்டர் அழுத்தத்தை 20 பாருக்குக் கீழே இறங்க விடாதீர்கள்; உள்சுவரில் ஒட்டியிருந்த வாயு கழன்று அளவு மாறும். மாதிரிக் காற்றையும் உலர்த்தியே விடுங்கள், உங்கள் ஊர் ஈரப்பதம் லேசுப்பட்டதா? திருத்தாத மூல எண்களை அழிக்கவே கூடாது.

மண்டபம் வாத்தியார்:
சிலிண்டருக்குப் பள்ளியில் காசு கிடையாது சார். ஏறி இறங்குவதை மட்டுமாவது காட்டலாமா?

பழைய அனலைசர்காரன்:
தாராளமாக. ராத்திரி மண்ணும் மரமும் விடும் மூச்சு தரையோடு தேங்கி, வெயில் ஏறியதும் கலையும். அதற்கு இந்த சென்சார் போதும்.

பாம்பன் தென்கடல்:
காற்றுத் திசையையும் எழுதுங்கள் சார். கச்சான் (தென்மேற்குக் காற்று) தென்கடலிலிருந்து வரும். விடியற்காலைக் கரைக்காற்று அப்படியில்லை. உள்ளே கருவேலங் கரிமூட்டம் போட்டிருந்தால் வள்ளம் வரைக்கும் புகை வாடை அடிக்கும்.

பழைய அனலைசர்காரன்:
தம்பி சொல்வது சரி. மௌனா லோவாவிலேயே எரிமலைப் புகை கலந்த மணிநேரங்களைக் கழித்துவிட்டுத்தான் சராசரி போடுகிறார்கள்.