சிங்கப்பூரில் கப்பல் விட்டு இறங்கி ஜோகூர் போக எது சரி? பஸ்ஸா, ரயிலா, காரா?

கீழக்கரை_சின்னவன்

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். வாப்பாவுக்கு 72 வயது. 1979இல் நாகப்பட்டினத்தில் சிதம்பரம் கப்பல் ஏறிப் பினாங்கு போய் அங்கே கடையில் நின்றவர். 1985இல் அந்தக் கப்பல் தீப்பிடித்து ஓட்டம் நின்றது, அதற்குப் பிறகு ஊருக்கு வந்துபோனதெல்லாம் விமானத்தில்தான். இன்னொரு தடவை கப்பலில் போய்ப் பினாங்கு இறங்கணும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்தத் தடவை எப்படியோ பணம் சேர்த்து, சிங்கப்பூரில் ஏறி பினாங்கு போய்த் திரும்ப சிங்கப்பூரிலேயே இறங்கும் மூன்று இரவுக் கப்பல் போட்டுவிட்டேன்.

கப்பல் திரும்புவது வெள்ளிக்கிழமை காலை. அங்கிருந்து நேராகப் பாலம் தாண்டி மலேசியாவில் ஜோகூரில் இருக்கும் சாச்சி (சின்னம்மா) வீட்டுக்குப் போய் மூன்று நாள் தங்கி, திங்கட்கிழமை இரவு சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு விமானம். உம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏறினால் உட்கார்ந்துவிடுவார். நான்கு பெட்டி, அதில் ஒன்று முழுக்க சாச்சி வீட்டுக்குத் தொதல் இனிப்பு. வாப்பாவுக்கு வெள்ளி மதிய ஜும்ஆ தொழுகை தவறக்கூடாது. விலையைப் பார்த்தால் பஸ்தான் சரி என்று தோன்றுகிறது, ஆனால் மனசு ஒப்பவில்லை. போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்டபம்_கேம்ப்

தம்பி, நான் ஜோகூரில் தங்கி சிங்கப்பூரில் பதினொரு வருடம் வேலை பார்த்தவன். விலையையும் நேரத்தையும் விடுங்கள், பெட்டியை எத்தனை தடவை தூக்க வேண்டும் என்று மட்டும் எண்ணிப் பாருங்கள்.

பஸ் என்றால் இப்படி: முதலில் பஸ் ஏறும் இடத்துக்குப் போகணும், அங்கே ஒரு தடவை ஏற்றணும். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வந்ததும் எல்லாச் சாமானையும் எடுத்துக்கொண்டு இறங்கி, மேலே போய், பாஸ்போர்ட் காட்டி, திரும்பக் கீழே வந்து பஸ் ஏறணும். பாலம் ஒரு கிலோமீட்டர்தான், நம்ம பாம்பன் பாலத்தில் பாதி. அதைத் தாண்டினால் மலேசியப் பக்கம் அதே கதை, திரும்ப இறங்கு, தூக்கு, நட, வரிசையில் நில். பெட்டியைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கக் கூடாது. கையில் ஒரு பையோடு தினமும் வேலைக்குப் போகிறவனுக்கு இது ஒன்றுமில்லை, நான் அப்படித்தான் போய்வந்தேன். முழங்கால் வலியுள்ள அம்மாவை அந்த வரிசையில் நிறுத்த வேண்டாம்.

சாச்சி வீடு ஜோகூரில் எந்தப் பக்கம்? கப்பல் நிற்பது மரினா சவுத்திலா, ஹார்பர்ஃப்ரண்டிலா? அங்கே இரண்டு முனையம் இருக்கிறது, டிக்கெட்டில் பாருங்கள். இது தெரிந்தால்தான் உட்லண்ட்ஸா, இன்னொரு சோதனைச்சாவடியான துவாஸா என்று சொல்ல முடியும்.

பனைக்குளம்_லாத்தா

மண்டபத்துக்காரர் சொல்வதை அப்படியே கேளுங்கள். நாங்கள் கோலாலம்பூர் போகிற பெரிய பஸ்ஸில் மாமியோடு போனோம், கம்பெனி பெயர் வேண்டாம். மலேசியப் பக்கம் மாமிக்குக் கைரேகை சரியாக விழவில்லை. அவருக்குக் கை முழுக்க மருதாணி, விரல் நுனியெல்லாம் வறண்டு கிடந்தது. அதிகாரி துணியால் துடைக்கச் சொல்லி, திரும்ப வைக்கச் சொல்லி, நாலைந்து தடவை. வெளியே வந்து பார்த்தால் பஸ் கிளம்பிவிட்டது. இவ்வளவு நேரம்தான் நிற்போம் என்று ஏறும்போதே சொன்னார்களாம், எங்கள் காதில் விழவில்லை. இருபது பேர் ஏறின பஸ்ஸில் மூன்று பேர் குறைகிறார்களே என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. மாமி சுவர் ஓரமாகப் பெட்டி மேல் உட்கார்ந்து அழுதது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அப்புறம் வேறு டிக்கெட் எடுத்துத்தான் போனோம்.

சிங்கப்பூருக்கும் ஜோகூருக்கும் நடுவே ஓடுகிற சின்னத் தூர பஸ்ஸுகளில் ஒன்று போனால் அதே டிக்கெட்டில் அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம். பெரிய பஸ்ஸில் அப்படிக் கிடையாது. உம்மாவின் விரலில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு வரிசையில் நிற்கச் சொல்லுங்கள், எங்களுக்கு அதற்குப் பிறகு பிரச்சினை வந்ததில்லை.

கீழக்கரை_சின்னவன்

கப்பல் மரினா சவுத்தில்தான் நிற்கிறது. சாச்சி வீடு ஸ்கூடாய். மச்சான் தன் காரை எடுத்துக்கொண்டு கப்பல் முனையத்துக்கே வருகிறேன் என்கிறார், வரச் சொல்லலாமா?

பாம்பன்_ரயில்

ரயிலை யாருமே சொல்லவில்லையே. உட்லண்ட்ஸிலிருந்து ஜோகூர் பாரு சென்ட்ரலுக்கு ஷட்டில் தெப்ராவ் ஓடுகிறது, ஐந்து நிமிடம், ஐந்து சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). இதில் முக்கியமான விஷயம், போகும்போது சிங்கப்பூர் குடிநுழைவு, மலேசியக் குடிநுழைவு இரண்டும் உட்லண்ட்ஸிலேயே முடிந்துவிடும். ரயில் விட்டு இறங்கினால் நேரே வெளியே போகலாம். பஸ்ஸைவிட ஒரு தூக்கல் குறைவு. மச்சானை சிங்கப்பூருக்குள் இழுக்காதீர்கள், மலேசிய வண்டி உள்ளே வர அனுமதி, கட்டணம், ஆட்டோபாஸ் அட்டை என்று வேலை இருக்கிறது. ஜோகூர் சென்ட்ரல் வாசலில் நிற்கச் சொல்லுங்கள்.

கப்பலும் ரயிலும் சேர்ந்த பயணம் நமக்குப் புதிதும் இல்லை. எங்கள் தாத்தா போட் மெயிலில் எழும்பூரில் வாங்கின ஒரே டிக்கெட்டில் தனுஷ்கோடி வரை ரயில், தலைமன்னார் வரை கப்பல், திரும்ப ரயில் என்று கொழும்பு போனவர். 1964 புயலில் தனுஷ்கோடி போனபிறகு ராமேஸ்வரத்திலிருந்து கொஞ்ச காலம் கப்பல் ஓடியது. சாமானோடு கப்பல் விட்டு ரயில் ஏறுவதைப் பற்றி அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன், ஒரே ஆள் ஒரே பெட்டி என்றால் சுகம் என்பார்.

மண்டபம்_கேம்ப்

ரயில் நல்லதுதான், ஆனால் இவர்களுக்கு இல்லை. மரினா சவுத்திலிருந்து உட்லண்ட்ஸ் வரை மெட்ரோ ஒரே சிவப்புத் தடம்தான், மாற வேண்டாம், ஒரு மணி நேரம் ஆகும் என்று வையுங்கள். ஆனால் மெட்ரோ நிலையமும் ரயில் சோதனைச்சாவடியும் ஒரே இடம் இல்லை, நடுவில் பஸ்ஸோ டாக்சியோ பிடிக்கணும். டிக்கெட்டும் முன்கூட்டியே எடுக்கணும், வெள்ளி, சனி எல்லாம் சீக்கிரம் தீர்ந்துவிடும். கப்பலில் எந்த வரிசையில் இறங்கவிடுவார்கள் என்று தெரியாமல் எந்த ரயிலுக்குப் போடுவது? தாமதமானால் டிக்கெட் போச்சு.

ஸ்கூடாய் என்றதும் விஷயம் சுலபமாகிவிட்டது. காரில் துவாஸ் வழியாகப் போங்கள். 1998இல் திறந்த இரண்டாவது பாலம் அது, ஸ்கூடாய் பக்கம் போகிறவர்களுக்குப் பட்டணத்துக்குள் நுழையாமல் போய்விடலாம். உரிமம் உள்ள ஏழு சீட் வண்டி, முன்பதிவோடு. வீட்டு வாசல்வரை விட அவர்கள் உரிமம் இடம் கொடுக்கிறதா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள்; கொடுத்தால் கப்பல் முனையத்து வாசலில் பெட்டியை ஏற்றினால் சாச்சி வீட்டு வாசலில்தான் இறக்குவீர்கள். குடிநுழைவில் வண்டிக்குள் உட்கார்ந்தபடியே பாஸ்போர்ட்டை நீட்டினால் போதும். பின் டிக்கியைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார்கள், தொதலை மேலாக வையுங்கள். வாடகை ஒரு வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்லை, அதனால் மூன்று பேருக்கு வகுத்துப் பார்த்தால் அவ்வளவு உறுத்தாது. வாட்ஸ்அப்பில் பாதி விலைக்கு வருகிறேன் என்பவர்களிடம் போகாதீர்கள். உரிமம் இல்லாத வண்டியைப் பிடித்தால் பறிமுதல் செய்வார்கள், நீங்கள் பெட்டியோடு நடுரோட்டில் நிற்பீர்கள்.

காலை பத்து மணிக்குள் பாலத்தைத் தாண்டப் பாருங்கள். வெள்ளி மதியத்துக்கு மேல் ஜோகூர் பக்கம் நெரிசல் ஏற ஆரம்பித்துவிடும். முதலில் இறங்கும் குழுவில் பெயர் கேளுங்கள், உம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று கப்பல் ஏறும்போதே எழுதிக் கொடுங்கள். அப்படியானால் ஜும்ஆவுக்கு வாப்பா குளித்துவிட்டே போகலாம்.

தொண்டி_விசா

வண்டியைப் பேசுவதற்கு முன் விசாவைப் பாருங்கள். நீங்கள் சிங்கப்பூருக்குள் மூன்று தடவை நுழைகிறீர்கள்: விமானத்தில் வரும்போது ஒன்று, கப்பல் திரும்பும்போது ஒன்று, ஜோகூரிலிருந்து விமானத்துக்கு வரும்போது ஒன்று. பினாங்கு போனால் நாட்டை விட்டு வெளியேறின கணக்குதான். விசாத் தாளில் பலமுறை நுழைவு என்று இருக்கிறதா என்று மூன்று பேருக்கும் தனித்தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் நுழைவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் சிங்கப்பூரின் எஸ்ஜி வருகை அட்டையும் இணையத்தில் நிரப்பணும்.

மலேசியாவுக்கு இந்தியர்களுக்கு இப்போது விசா வேண்டாம், 2023 டிசம்பரிலிருந்து 30 நாள் வரை அப்படியே விடுகிறார்கள், 2026 கடைசிவரை நீட்டித்திருக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய டிஜிட்டல் வருகை அட்டையை மூன்று நாளுக்குள் நிரப்பணும், அது இலவசம், பணம் கேட்கும் தளம் எல்லாம் போலி. ஜோகூர் நுழைவுக்கென்று தனியாக நிரப்புங்கள். கப்பலிலேயே வியாழன் இரவு செய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், நடுக்கடலில் இணையம் கிடைக்காது, கிடைத்தாலும் காசு அதிகம். பினாங்கில் கரைக்கு வரும்போது செய்துவிடுங்கள்.

திரும்புவதற்கும் ஒரு வார்த்தை. ஞாயிறு மாலை வராதீர்கள், வார இறுதிக்கு ஜோகூர் வந்தவர்கள் எல்லாரும் அப்போதுதான் திரும்புவார்கள். திங்கள் விடியற்காலையும் வேண்டாம், வேலைக்குப் போகிற மோட்டார் சைக்கிள்கள் ஆயிரக்கணக்கில் நிற்கும். உங்களுக்கு இரவு விமானம்தானே, திங்கள் காலை பத்து, பதினொன்றுக்குக் கிளம்புங்கள்.

கீழக்கரை_சின்னவன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. விசாவைப் பார்த்தேன், எனக்கும் உம்மாவுக்கும் பலமுறை நுழைவு, வாப்பாவின் தாள் இன்னும் ஏஜென்டிடம் இருக்கிறது, நாளைக்கே ராமநாதபுரம் போய்ப் பார்க்கிறேன். துவாஸ் வழியாகக் கார்தான், போகும்போதும் வரும்போதும். மச்சானிடமும் சொல்லிவிட்டேன், அவருக்கும் நிம்மதி.

பனைக்குளம்_லாத்தா

ஒன்று விட்டுப்போச்சு. இறங்குவதற்கு முந்தின இரவு பெட்டிகளைப் பெயர் அட்டை கட்டி அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள், அப்புறம் காலையில் முனையத்தில்தான் கைக்கு வரும். பாஸ்போர்ட், விசாத் தாள், உம்மாவின் மாத்திரை, மறுநாள் உடுத்தும் துணி, நான்கையும் கைப்பையில் எடுத்து வைத்தபிறகு பெட்டியைப் பூட்டுங்கள். வாப்பாவின் தொப்பியும்.